பாட்டிலில் இருந்த உப்பு

உதயகுமாரின் கைகள் நடுங்கத் தொடங்கி இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. ஹெப்பாள் தொழிற்சாலையில் அவன் நட்டைப் பிடிக்க முடியாமல் கீழே விட்டபோது, "காலைலயே போட்டுட்டு வந்துட்டியா, குரு?" என்று கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் காலையில் கால்கள் பின்னின, பேச்சு குழறியது. மனைவி அஞ்சலை ஆட்டோவில் ஏற்றி மண்டி மொஹல்லா நர்சிங் ஹோமுக்குக் கொண்டுவந்தாள்.

காவேரி சிஸ்டருக்கு அவனைத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன், மனம் கட்டுமீறிப் பொங்கி, ஓடும் பஸ்ஸின் முன்னால் போய் நின்றவன். லித்தியம் மாத்திரைதான் அவனை மறுபடி வேலைக்கு அனுப்பியது. இரத்தத்தில் அளவு கொஞ்சம் கூடினாலும் அது விஷம்.

டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். இரத்தப் பரிசோதனை முடிவு வர இரவாகும்.

"ஹேளம்மா, சொல்லு, மாத்திரையை மொத்தமா முழுங்கிட்டாரா?" என்று அஞ்சலையிடம் கேட்டார்.

"இல்லீங்க. வேளைக்கு நான்தானுங்க குடுத்தேன்."

அட்டையில் மீதி சரியாகவே இருந்தது. வேறு கடையில் வாங்கியிருக்கலாம் என்றார் டாக்டர். வயிற்றைக் கழுவக் குழாய் எடுத்து வைக்கச் சொன்னார். அரை மயக்கத்தில் இருப்பவனுக்குக் குழாய் போட்டால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம். முழுங்கியிருந்தால் போடாமல் விடவும் முடியாது.

"வாந்தி, பேதி ஏதாவது இருந்ததா அக்கா?" என்றாள் காவேரி. உடம்பில் உப்பு குறைந்தால் லித்தியம் வெளியேறாமல் தங்கிவிடும்.

"இல்லீங்க."

"வலி மாத்திரை? அதுவும் லித்தியத்தை உடம்புல தங்க வச்சிரும்."

"அதுவும் இல்லீங்க."

காவேரி சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு ஊசியைச் செருகினாள்.

"இதென்னங்க சிஸ்டர்?"

"உப்புத் தண்ணிதான். நரம்புல ஏத்தறோம்."

அஞ்சலை பாய்ந்து சலைன் குழாயை மடக்கிப் பிடித்தாள்.

"உப்பு வேண்டாங்க. இன்னும் மூணு நாள் பொறுங்க."

"மூணு நாளா? விடுங்கக்கா. ஏன்?"

"சொன்னா பலிக்காதுங்க."

கட்டிலின் மறுபக்கம் டாக்டர் ரப்பர் குழாயை எடுத்து உதயகுமாரின் தாடையை அழுத்தித் திறந்தார். அவனுக்குக் குமட்டியது. முகம் கறுத்தது. தலை ஒரு பக்கம் சரிந்தது.

அஞ்சலையின் விரல்கள் தளர்ந்தன. சொட்டு மறுபடி விழத் தொடங்கியது.

"அவரு எதையும் முழுங்கலைங்க. மாதேசுரன் சாமிக்கு இருபத்தோரு நாள் வேண்டிக்கிட்டு, பதினெட்டு நாளா உப்பில்லாச் சோறு போட்டேன். டாக்டர் சொன்னாருன்னு அவருகிட்ட பொய் சொல்லித்தான் போட்டேன்."