மூன்றாவது முடிச்சு இருந்த டிஸ்க்

எங்கள் கல்யாணத்தில் தாலியின் முதல் முடிச்சை நான் போட்டேன். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவதை என் மூத்த அக்கா மீனம்மா போட்டார். அதிலும் சந்தேகமில்லை. மூன்றாவதைத் தான்தான் போட்டதாக மீனம்மா அக்காவும், இல்லை, தான்தான் என்று இளைய அக்கா ஜானகியும் பதினான்கு வருடமாகச் சொல்லிவருகிறார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் என் வழியாகத்தான் போய்வரும்.

புக்கிட் பெருவாங்கில் வீடு வாங்கினோம். எங்கள் வழக்கத்தில் புது வீட்டில் பால் காய்ச்சுவது நாத்தனார் உரிமை. நாத்தனார் இரண்டு, பால் சட்டி ஒன்று.

"மூணாவது முடிச்சு போட்டவதான் பால் காச்சணும்," என்று மீனம்மா அக்கா சுங்கை ரம்பாயிலிருந்து போன் செய்தார்.

ஜாசினில் இருக்கும் ஜானகி அக்காவிடம் அதைச் சொன்னேன். "நானும் அதத்தான்டா சொல்றேன்," என்றார். இவ்வளவு காலத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. தோற்றவர் என் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டார் என்பதிலும் ஒத்துப்போனார்கள்.

ஆதாரம் இருந்தது. கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த திருச்செல்வம் அண்ணன் படத்தை ஒரு டிஸ்க்கில் கொடுத்திருந்தார். அழித்து அழித்து மறுபடி எழுதக்கூடிய வகை. பிடிக்காவிட்டால் கொண்டுவாருங்கள், வேறு மாதிரி வெட்டித் தருகிறேன் என்பதற்காக அந்த வகை. அப்போது எங்கள் வீட்டில் இருந்த பிளேயர் அதை ஏற்கவில்லை. அலமாரியில் வைத்தோம், யாரும் பார்க்கவில்லை. திருச்செல்வம் அண்ணன் இப்போது ஜொகூரில் ஆடு வளர்க்கிறார். பழையது எதுவும் தன்னிடம் இல்லை என்றார்.

கம்ப்யூட்டரில் வெளியிலிருந்து இணைக்கும் டிஸ்க் டிரைவ் ஒன்று ஆபீசில் சும்மா கிடந்தது. கேட்டு வாங்கிவந்தேன். கடையில் வாங்கிய பட டிஸ்க் அதில் ஓடியது. ஒரே முறை எழுதும் டிஸ்க்கும் ஓடியது. கல்யாண டிஸ்க் மட்டும் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். பிறகு, 'இது வெற்று டிஸ்க், ஃபார்மட் செய்யவா' என்று கம்ப்யூட்டர் கேட்கும். வேண்டாம் என்று அழுத்தினேன். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புவரை நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக்கூடாது, கீறல் விழுந்தால் பதிவின் தடத்தோடேயே ஓடிக் கெடுத்துவிடும். கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் கரண்ட் போதவில்லையோ என்று கேபிளைப் பின்பக்கத்தில் செருகினேன். மறுபடியும் கேட்டது, ஃபார்மட் செய்யவா.

"அது அவ்ளோ ஆசையா கேக்குது, ஒரு தடவ சரின்னு சொல்லிப் பாருங்களேன்," என்றாள் என் மனைவி இந்திராதேவி.

"சொன்னா படம் அழிஞ்சிரும்."

"அப்படியா," என்றுவிட்டு உள்ளே போனாள்.

டிரைவையும் டிஸ்க்கையும் குருபோங்கில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மைமூனிடம் கொண்டுபோனேன்.

"இந்த மாதிரி டிஸ்க் வெளிச்சத்தக் கொஞ்சமாத்தான் திருப்பி அடிக்கும் அண்ணே," என்றாள். "லென்ஸ்ல தூசி இருந்தா மத்ததெல்லாம் ஓடும், இது மட்டும் சண்டித்தனம் பண்ணும். வச்சிட்டுப் போங்க லா, பாத்து வைக்கிறேன்."

மேசையெல்லாம் டிஸ்க். என்னுடையது அவற்றோடு கலந்துவிடக்கூடாது. மைமூனுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. ஆகவே அவள் வசதிக்காக, மார்க்கர் வாங்கி, டிஸ்க்கின் மேல் ரோமன் எழுத்தில் பெரிதாகப் பி, ஏ, டி, ஏ, எம் என்று எழுதினேன். படம்.

மறுநாள் போனபோது மைமூன் சந்தோஷமாக இருந்தாள்.

"டிரைவ் புதுசு மாதிரி ஆயிருச்சு அண்ணே. படிக்குது, அழிக்குது, எழுதுது. நீங்க குடுத்த டிஸ்க்லயே டெஸ்ட் பண்ணிட்டேன்."

"எத அழிச்சுது?"

"நீங்கதானே எழுதி வச்சிருந்தீங்க." டிஸ்க்கைத் திருப்பிக் காட்டினாள். "பாடாம்னு."

மலாயில் பாடாம் என்றால் அழி.

"அது படம் மைமூன்," என்றேன்.

அவள் எழுத்தைப் பார்த்தாள். வாய்க்குள் ஒரு முறை அப்படியும் ஒரு முறை இப்படியும் சொல்லிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே அண்ணே இருக்கு."

"திருப்பி எடுக்க முடியுமா?"

"குவிக்ல, மேலோட்டமா அழிச்சிருந்தா முயற்சி பண்ணலாம். நல்லா செக் பண்ணணுமேன்னு ஃபுல்லா அழிச்சிட்டேன்." கொஞ்சம் யோசித்தாள். "அதுக்கு மேல எங்க கைருதீன் மாமா கடை முர்தபாக் ரொட்டி போட்டோ ஒண்ணு எழுதிருக்கேன். அது நல்லா தெரியும்."

இரண்டு அக்காவுக்கும் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். வரமாட்டேன் என்று இருவரும் தனித்தனியே சொன்னார்கள். பால் காய்ச்சும் நாளான ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் இருவரும் வந்துவிட்டார்கள். திட்டுவதற்கு.

"போட்டுக் காட்டு," என்றார் மீனம்மா அக்கா.

போட்டேன். டிரைவ் ஒரு சத்தமும் இல்லாமல் சுற்றியது. முர்தபாக் தெளிவாக வந்தது, பக்கத்தில் வெங்காயத்தோடு.

"இதுல நான் எங்கடா இருக்கேன்?"

"வெங்காயத்துக்குப் பின்னால இருப்பக்கா," என்றார் ஜானகி அக்கா, நேராக மீனம்மா அக்காவிடம். "பள்ளிக்கூட வாத்தியாரு அப்பவே சொன்னாரு. இவன் கையெழுத்து அழகு, எழுதுறதுதான் வெளங்காதுன்னு."

"வெளங்கித்தானே அந்தப் பொண்ணு அழிச்சிருக்கு."

இருவரும் மாறி மாறித் திட்டினார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொண்டார். அடுப்படியிலிருந்து பால் வாசனை வந்ததும் இருவரும் ஒன்றாக நிறுத்தினார்கள்.

"யாரு காச்சினது?"

"நான்தான் அண்ணி," என்றாள் இந்திராதேவி. சட்டியில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. "முடிச்சு போட்டவதானே காச்சணும்னீங்க. மூணாவத நான்தான் போட்டேன்."

இரண்டு அக்காவும் அவள் கழுத்துத் தாலியைப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கை வச்சீங்க. கயிறு நழுவிருச்சு. அதுக்குள்ள ஐயர் அட்சத போடச் சொல்லிட்டாரு, மாலை மறைச்சிருச்சு. பெறகு மண்டபத்து டாய்லெட்ல கண்ணாடியப் பாத்து நானே போட்டுக்கிட்டேன்."

"இத ஏம்மா இத்தன வருசமா சொல்லல?" என்றார் மீனம்மா அக்கா.

"என்னைய யாரும் கேக்கலியே அண்ணி."

மீனம்மா அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இருந்தாலும் மொதல்ல கை வச்சது நான்."

"நழுவ விட்டதும் நீதான்," என்றார் ஜானகி அக்கா.

நான் சீனி எடுக்கப் போனேன். இதை அவளிடம் சொல் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.