மொட்டுகள் திரும்பிய திசை

கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிறவளுக்கு ஒரு டிகிரி பிசகினாலும் கண்ணை உறுத்தும். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள், கைப்பையைக்கூட இறக்காமல் ஜன்னலோரத்து ஆர்க்கிட் முன்னால் நின்றுவிட்டாள். ஏழு மொட்டில் நான்கு வெளிச்சத்தைப் பார்த்திருந்தன. மூன்று முறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தன.

அக்கா கொடுத்த செடி அது. இரண்டு வருஷம் வெறும் இலையாகவே கிடந்தது. தொட்டிக்குள் வேர்கள் வெளிறினால் மட்டும் தண்ணீர். தூசி படிந்தால் ஈரப் பஞ்சால் இலையைத் துடைக்க வேண்டும். இப்போதுதான் முதல் பூந்தண்டு வந்திருந்தது. அவள் உடனே அக்காவுக்கு போன் போட்டாள்.

"தொட்டியத் திருப்பினியாடி?"

"தொடவே இல்லக்கா."

"அப்ப வேற யாரோ திருப்புறாங்க. தண்டு வெளிச்சத்தப் பார்த்து வளரும். திருப்பித் திருப்பி வெச்சா மொட்டுக்குத் திக்குத் தெரியாது."

"நாலாவது மாடிக்கு யாருக்கா வரப்போறா, செடியத் திருப்ப?"

அக்கா சிரித்தாள். இவளும் சிரித்தாள். ஆனாலும் போனை வைத்ததும், லென்ஸில் குறி வைக்கும் பேனாவை எடுத்துத் தொட்டி விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து, அது ஜன்னல் கண்ணாடியைப் பார்க்கும்படி நிறுத்தினாள்.

செவ்வாய் சாயங்காலம் புள்ளி அறையைப் பார்த்திருந்தது.

அது உள்பக்கமாகத் திறக்கும் ஜன்னல். கம்பி கிடையாது. திறக்க வேண்டுமென்றால் தொட்டியை எடுத்தே ஆக வேண்டும். கணவன் வழக்கம்போல வந்து டூல் பையை இறக்கியதும் கேட்டாள்.

"பகல்ல வந்து ஜன்னலத் திறந்தீங்களா?"

"நான் எங்க பகல்ல வீட்டுல இருக்கேன்? இன்னைக்கு மட்டும் நாலு பில்டிங்." அவன் லிஃப்ட் மெக்கானிக். காலையில் சீருடையோடு, சாப்பாட்டுப் பெட்டியோடு கிளம்புகிறவன்.

"புள்ளி வெச்சிருந்தேன். திரும்பியிருக்கு, பாருங்க."

அவன் வந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "பூட்ட வேணா மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

புதன்கிழமை புள்ளி இம்மி பிசகாமல் கண்ணாடியைப் பார்த்திருந்தது. ஆனால் ஒரு மொட்டு மஞ்சளாகி, தரையில் விழுந்து கிடந்தது. குளிர்காற்று பட்டால் அப்படி உதிரும். அவள் தொட்டியை இறக்கிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். வெளிப்பக்கத்துத் திட்டில் மாதக்கணக்கான தூசியும் புறா எச்சமும் அப்பியிருந்தன. நடுவில் மட்டும், ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு, துடைத்தது போலச் சுத்தமாக இருந்தது. கீழே சிமெண்ட் தரை.

அவள் வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். வாசல் பூட்டில் கீறல் இல்லை. வீட்டுக்கு இரண்டே சாவிகள். புள்ளியைப் பற்றி அவள் சொன்னது ஒரே ஒருவரிடம்.

அவன் வந்தான், சாப்பிட்டான், படுத்தான். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், மூன்று வாரமாக அவன் வீட்டு லிஃப்டில் ஏறுவதே இல்லை. உடம்புக்கு நல்லது என்று படியில் ஏறி வருகிறான். அவளும் நம்பியிருந்தாள்.

வியாழக்கிழமை காலை, கடையிலிருந்து அவன் ஆபீசுக்கு போன் செய்தாள்.

"அவர் வந்து மூணு வாரமாச்சும்மா" என்றாள் போனை எடுத்த பெண். "அந்த லிஃப்ட் விழுந்ததில்ல, அந்த விசாரணை முடியற வரைக்கும் வர வேண்டாம்னுட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

மெஷினில் லென்ஸை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள். தொட்டி தரையில் இருந்தது. பக்கத்தில் அவனுடைய ஷூ இரண்டும் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அவன் சீருடையோடு திட்டில் உட்கார்ந்திருந்தான், முதுகு அறைக்கும் கால் வெளிக்குமாக.

கத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"என்னங்க" என்றாள், தினமும் கூப்பிடும் குரலில். "இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டேன். சாப்பிட்டீங்களா?"

அவன் திரும்பவில்லை. "நீ உள்ள போ."

"பசிக்குது. சேர்ந்து சாப்பிடலாம்னு வந்தேன்." ஒரு எட்டு வைத்தாள்.

"கேபிள நான்தான் பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. கையெழுத்துப் போட்டேன். மறுநாள் லிஃப்ட் ரெண்டு மாடி தூரம் விழுந்துருச்சு. உள்ள இருந்த அம்மாவுக்கு இனிமே நடக்கவே முடியாதாம்."

"ம்." இன்னொரு எட்டு.

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? தினமும் சொல்லிடணும்னுதான் நெனைக்கறேன். நீ கடைக்குப் போனதும் வந்து இங்க உக்காந்துடறேன்."

"இப்ப சொல்லிட்டீங்கல்ல" என்றபடியே அவன் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். அவன் உடம்பு ஒரு கணம் முன்னால் சாய்ந்தது. அவள் சுவரில் காலை ஊன்றி, உள்ள பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தாள். இருவரும் தரையில் விழுந்தார்கள். தொட்டி உருண்டு, பூந்தண்டு முறிந்தது. அவள் பெல்ட்டை விடவில்லை. ஒரு கையால் பிடித்தபடியே மறுகையால் அவன் அண்ணனுக்கு போன் போட்டாள். அவன் அண்ணனும் அண்ணியும் வந்து சேர்ந்த பிறகுதான் விரல்களை விரித்தாள்.

மறுநாள் டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஆளைத் தனியாக விட வேண்டாம் என்றார். அவள் லீவு போட்டாள். அண்ணன் ஜன்னலுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் போன் அடித்தது. ஆபீஸ் நம்பர். கட்டிலில் படுத்திருந்தவன் போனைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"நான் எடுக்கவா?"

அவன் சரியென்று தலையாட்டினான்.

லிஃப்ட் விழுந்த காரணம் இன்னும் தெரியவில்லையாம். புதன்கிழமை விசாரணைக்கு அவனே நேரில் வந்து நடந்ததைச் சொல்ல வேண்டுமாம்.

"நானும் கூட வருவேன்."

"குடும்பத்துக்காரங்கள உள்ள விடமாட்டாங்கம்மா."

"அப்ப வாசல்ல நிக்கறேன்" என்றாள். "எவ்வளவு நேரமானாலும் நிக்கறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவன் எழுந்து உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கியிருந்தான். அவள் தடுக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.