குசினிச் சுவரும் ஆரிஃபாவின் தோள்பட்டையும்

ஆரிஃபா கழுத்தைத் திருப்பினால் 'கடக்' என்று ஒரு சத்தம் வரும். தோள்பட்டையைச் சுழற்றினால் அதைவிட மோசம். முறுக்கு மெல்வதுபோல் நொறுநொறுவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து மெஷின்மேல் குனிந்து பாஜு குரோங் என்ற மலாய் உடுப்பாகத் தைத்துத் தள்ளியதற்குக் கிடைத்த பரிசு அது. வலி பெரிதாக இல்லை. மானம்தான் போய்க்கொண்டிருந்தது. லிஃப்ட்டில் அவள் திரும்பிப் பார்த்தால், யார் எதை உடைத்தார்கள் என்று மற்றவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

உலு திராம் கிளினிக்கில் பிசியோ பெண் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒண்ணும் இல்ல ஆன்ட்டி, சத்தம் வந்தா வந்துட்டுப் போகட்டும். தினமும் சுவத்துல முதுகை ஒட்டி நின்னு, கையை மேலயும் கீழயும் கொண்டுபோங்க" என்று சொல்லி அனுப்பினாள். நல்ல வைத்தியம்தான். ஆனால் ஆரிஃபா வீட்டில் காலிச் சுவருக்கு எங்கே போவது? ஹால் முழுக்க அலமாரி, அறை முழுக்கத் துணி மூட்டை. மிஞ்சியது சமையல் செய்யும் குசினியின் சுவர் ஒன்றுதான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஐலீனின் குசினி.

அந்தத் தாமான் குடியிருப்பைக் கட்டிய புண்ணியவான் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு செங்கல் கனத்துக்குமேல் வைக்கவில்லை. இவள் வீட்டில் கடுகு வெடித்தால் அவள் வீட்டில் கேட்கும். அப்படியிருந்தும் ஹரிராயா பெருநாள் முடிந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணமா? அதுவும் இந்தப் பாழாய்ப்போன கழுத்துதான். ராயா விருந்தன்று மகள் ஃபரீஹாவைப் பெண் கேட்டவர்கள் முதன்முதலாக வீட்டுக்கு வந்திருந்தார்கள். துஆ ஓதி முடித்து எல்லாரும் அமைதியாக இருந்த நேரம். ஆரிஃபா மெல்லத் தலையைத் திருப்பினாள். கடக்! மாப்பிள்ளையின் தாயார் திடுக்கிட்டுப் பார்த்தார். ஐலீன் சும்மா இருந்திருக்கலாம். இருப்பாளா? "பயப்படாதீங்க, எங்க ஆரிஃபா எண்ணெய் போடாத கேட்டு மாதிரி. திறந்தா மூடினா சத்தம் வரும்" என்றாள். சபையே விழுந்து விழுந்து சிரித்தது. சம்பந்தம் என்னவோ நல்லபடியாகவே முடிவானது. ஆனால் ஆரிஃபாவுக்கு முகம் செத்துப்போனது. மறுநாள் ஐலீனின் பலகார டப்பாவைக் கழுவி, உள்ளே ஒரு துண்டு கேக் கூட வைக்காமல், வெறும் டப்பாவாகக் கேட்டில் தொங்கவிட்டாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே எந்த டப்பாவும் காலியாகத் திரும்பியதில்லை. ஐலீனும் அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

முதல் நாள் உடற்பயிற்சிக்கு நின்றபோது பேச்சு தானாகத்தான் காதில் விழுந்தது. சத்தியமாக. இரண்டாம் நாளிலிருந்து தானாக விழவில்லை. காலையில் ஒரு தடவை செய்யச் சொன்ன பயிற்சியை, ஐலீன் சமைக்கும்போது ஒன்று, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் ஜாக்லினோடு போனில் பேசும்போது ஒன்று என்று ஆரிஃபா கூட்டிக்கொண்டே போனாள். திடீரென்று உடம்பின்மேல் அவ்வளவு அக்கறை. ஐலீன் புருஷன் ஸ்டானிஸ்லாஸுக்குச் சர்க்கரை ஏறியது, ஜாக்லினின் வீட்டுக்காரி வாடகையை ஏற்றியது எல்லாம் இவளுக்கு அத்துபடி. பேசாமல் இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனசில்லை.

ஒரு நாள் ஐலீன் போனில், "அன்னாசி டார்ட் ரகசியத்தை உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன் ஜாக்லின். ஜாம் கிண்டும்போது ஒரு கரண்டி பெலாச்சான். ஆமா, பெலாச்சான்தான். அப்பதான் ருசி தூக்கும்" என்றாள். ஆரிஃபாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வருஷக்கணக்காகக் கெஞ்சியும் கிடைக்காத ரகசியம்! கருவாட்டுக் கூடைக்குத் தங்கச்சி மாதிரி நாறும் அந்த இறால் விழுதை ஜாமில் போடுவதா என்று ஒரு கணம் யோசித்தாள். ரோஜாக் பழக்கலவையில் அன்னாசியும் பெலாச்சானும் சேரத்தானே செய்கிறது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு, தான் கிண்டிய ஜாமில் போட்டுவிட்டாள்.

யா அல்லாஹ், அந்த நாற்றம்! கடையிலிருந்து வந்த புருஷன் ஜெய்னுலாபுதீன் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்ன புள்ள, குசினியில எலி செத்துக் கிடக்கா?" என்றார். அவள் பதில் சொல்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் ஐலீன் சிரித்தாள். லேசாக அல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சுத் திணறச் சிரித்தாள்.

அப்போதுதான் ஆரிஃபாவுக்கு உறைத்தது. இவள் சுவரில் சாய்ந்து தோளை உருட்டும்போதெல்லாம் அந்த நொறுநொறுப்பு செங்கல் வழியாக நேரே ஐலீன் காதுக்குப் போயிருக்கிறது! ஒட்டுக்கேட்பவள் நிற்பது தெரிந்துதான் அந்தப் படுபாவி பெலாச்சான் புளுகைக் கரைத்திருக்கிறாள். எத்தனை நாளாகத் தெரியுமோ? ஆரிஃபா வெட்கத்தில் இரண்டு நாள் குசினிப் பக்கமே போகவில்லை, கடைச் சாப்பாடுதான்.

மூன்றாம் நாள் மறுபடியும் சாய்ந்தாள். பழகிய காது சும்மா இருக்குமா? ஐலீன் புருஷனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஏஜென்ட் வர்றாரா?"

"பூசை முடிஞ்சு வந்ததும் வரச் சொல்லியிருக்கேன்" என்றார் ஸ்டானிஸ்லாஸ். அவருக்குச் செடெனாக்கில் புதிதாக வந்த டேட்டா சென்டரில் வேலை. "தினமும் இந்த ரோட்டு ஜாம்ல போய் வர முடியல ஐலீன். வீட்டை வித்துட்டு அங்கேயே போயிடலாம்லா."

ஆரிஃபாவின் கை பாதி உயரத்தில் நின்றுவிட்டது. இது நிஜமா, இல்லை இதுவும் பெலாச்சானா? நிஜமென்று நம்பி ஓடிப்போய், "ஐயோ போகாதே" என்று நின்றால், அந்தச் சிரிப்பை நேரிலேயே சிரிப்பாள். பொய்யென்று சும்மா இருந்தால்? ஒரு நாள் காலையில் லாரி வந்து நிற்கும். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ.

"நீயே போய்க் கேட்டுடேன்" என்றார் விஷயத்தைக் கேட்ட ஜெய்னுலாபுதீன்.

"நான் எதுக்குங்க போகணும்? சபையில வாய் விட்டது அவ."

சொல்லிவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள். சட்டையின் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்தாள். பிரித்துத் தைத்தாள். மறுபடியும் அதே தப்பு. தையல்காரி ஆனபின் இப்படி அவளுக்கு நடந்ததே இல்லை.

சனிக்கிழமை பக்கத்து வீட்டுக் கேட்டில் 'வீடு விற்பனைக்கு' என்று ஏஜென்ட் பலகையைக் கட்டிவிட்டுப் போனார். பெலாச்சானுக்கு யாரும் பலகை கட்டமாட்டார்கள். ஆரிஃபா ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏஜென்ட் ரூபேந்திரன் ஓர் இளம் தம்பதியைக் கூட்டிவந்தார். அவர்கள் ஹாலைப் பார்த்து, அறைகளைப் பார்த்து, குசினிக்கு வருவதற்குள் ஆரிஃபா சுவரோடு ஒட்டியிருந்தாள்.

"குசினி பாருங்க, எவ்வளவு பெருசு! கேபினட் எல்லாம் புதுசு" என்றார் ஏஜென்ட்.

"நல்லாருக்குங்க. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றது ஒரு பெண்குரல்.

பிடித்திருக்கிறதாமே! ஆரிஃபா காதை இன்னும் அழுத்தமாக வைக்கத் தலையைத் திருப்பினாள். கடக்!

"என்னங்க சத்தம் அது?" என்றாள் அந்தப் பெண்.

"பைப்பா இருக்கும்மா" என்றார் ஏஜென்ட்.

அந்த நொடியில்தான் ஆரிஃபாவுக்குள் ஷைத்தான் புகுந்தான். கழுத்து ஒரு தடவை சொடுக்கினால் அடுத்த சொடுக்குக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். தோள்பட்டை அப்படியில்லை, கேட்கக் கேட்கக் கொடுக்கும். திரும்பி முதுகைச் சுவரில் அழுத்தினாள். இரண்டு கையையும் தூக்கி, பிசியோ பெண் சொன்னதைப் போலல்ல, பேய் பிடித்தவளைப் போல மேலும் கீழும் ஓட்டினாள். நொற நொற நொற. தேத்தண்ணியோடு உள்ளே வந்த ஜெய்னுலாபுதீன் வாயைப் பிளந்தார். உஷ் என்று அவருக்குக் கண்ணால் ஓர் அதட்டல் போட்டாள்.

"சுவத்துக்குள்ளேருந்து வருது" என்றான் அந்தப் பெண்ணின் புருஷன்காரன். "விரிசல் விடுதா? இல்ல கரையானா?"

"அட, அது ஒண்ணுமில்ல தம்பி" என்று ஸ்டானிஸ்லாஸ் சிரித்தார். "பக்கத்து வீட்டு..."

ஆரிஃபாவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. போச்சு. எல்லாம் போச்சு. இனி ஊர் முழுக்கச் சிரிக்கும், வீடும் கைமாறும்.

"பக்கத்து வீட்டுச் சுவரும் இதேதாங்க" என்று ஐலீனின் குரல் குறுக்கே பாய்ந்தது. "ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ராயாவுக்கு அப்புறம் ரொம்ப மோசமாயிருச்சு. பகல்ல வரும், சமைக்கும்போது வரும், நான் போன் பேசினா கண்டிப்பா வரும். நாங்க பழகிட்டோம். நீங்களும் பழகிக்குவீங்கலா."

ஆரிஃபா இடது தோளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். இதுவரை வராத ஒரு புதுச் சத்தம் வந்தது.

"அலமாக்!" என்று பதறினாள் அந்தப் பெண். "வாங்கங்க, போலாம்." செருப்புச் சத்தம் தடதடவென்று வாசலுக்கு ஓடியது. பின்னாலேயே "பைப்புதான் சார், பைப்புதான்" என்று ரூபேந்திரனும் ஓடினார்.

ஸ்டானிஸ்லாஸ் கத்தினார். "என்ன ஐலீன் இது? உன் வாயாலயே கெடுத்துட்டியே! உனக்கு வரப் பிடிக்கலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"யார் என்னைக் கேட்டா? நீங்க கேட்டீங்களா? இல்ல, அந்தப் பக்கம் நிக்கிறாளே, அவதான் இருன்னு ஒரு வார்த்தை சொன்னாளா?"

பிறகு சுவரில் டக் டக்கென்று விரலால் தட்டும் சத்தம். நேராக ஆரிஃபாவின் முதுகில் விழுந்தது.

"ஏ ஆரிஃபா. நிக்கிறியா?"

அவள் நின்றாள். மூச்சு வாங்கியது. வேர்வை வழிந்தது.

"இத்தன நாளா எலும்பாலயே பேசிட்டிருந்தியே, போதும்டி. வாயால சொல்லு. நான் போகணுமா, இருக்கணுமா?"

ஜெய்னுலாபுதீன் கிளாஸை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். ஆரிஃபா திரும்பி, சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு முணுமுணுத்தாள். "போகாத, ஐலீன்."

"என்ன? கேக்கல. அன்னிக்குச் சபையில கிண்டல் பண்ணது தப்புதான், நான் ஒத்துக்கறேன். நீ கொஞ்சம் சத்தமா சொல்லு."

"போகாதடீ!" என்று ஆரிஃபா போட்ட கூச்சல், காரில் ஏறிக்கொண்டிருந்த அந்தத் தம்பதிக்குக்கூடக் கேட்டது.