பூட்டிய அறையில் குறையும் வைன்

பீப்பாய்க்குள் மூங்கில் குச்சியை விட்டு எடுத்த விஜயலெட்சுமி, ஈரம் ஏறிய இடத்தில் நகத்தால் கீறினாள். மறுபடியும் குறைந்திருந்தது. முதல் வாரம் இரண்டு விரல், அடுத்த வாரம் ஒரு விரல், இந்த வாரம் அரை விரல். அறைக்குப் பூட்டு இருந்தது. நிரப்பிய அன்று கொஞ்சம் சொட்டி நின்றதோடு சரி, பிறகு தரையில் ஈரம் இல்லை. மிச்சமிருந்த வைனிலும் காடி வாடை அடித்தது. அதே நாளில் பிழிந்த அதே பேரிக்காய்ச் சாறு, வைனாகிப் பக்கத்தில் ஐந்து பெரிய கண்ணாடி ஜாடிகளில் இருந்தது. அது குறையவுமில்லை, புளிக்கவுமில்லை.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கிய கம்பெனி, வைன் அறையின் பொறுப்பை ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் கொடுத்திருந்தது. முப்பத்தொரு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கராக இருந்தவர். தேயிலை தெரிந்தவனுக்கு வைன் ஒரு பொருட்டா என்று கேட்டே அந்தப் பொறுப்பை வாங்கியிருந்தார். பாத்திரம் கழுவுவதும் பழம் பிழிவதும் விஜயலெட்சுமியின் வேலை.

பீப்பாயின் அடைப்புக்கு மேல் அரக்கு முத்திரை வைப்பவர் அவர். வாரம் ஒருமுறை உடைத்து, அளக்கச் சொல்லிவிட்டு, மீண்டும் வைப்பவரும் அவரே. முத்திரை கலையாமல் இருந்ததை, விஜயலெட்சுமியைச் சந்தேகிக்க அவர் ஒரு தடையாக நினைக்கவில்லை. அதைக் கலைக்காமலே திருடும் கெட்டித்தனம் இவளுக்கு உண்டு என்று நம்பினார். அவளுக்கு அவர் கொடுத்த ஒரே பாராட்டு அதுதான்.

"நீர் குடிச்சீரோ, உம்மட மனுசன் குடிச்சாரோ எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை முதலாளி வாறார். அதுக்குள்ள ஒப்புக்கொள்ளும். இல்லாட்டி இதுதான்" என்று மேசையிலிருந்த கடிதத்தைத் தட்டினார். அவளை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம். கையெழுத்தும் போட்டாயிற்று.

"ஜாடியில மட்டும் ஏன் குடிக்காம விட்டேனுங்க?"

"பீப்பாய் வைன்தான் ருசி. அது உமக்கும் தெரிஞ்சிருக்கு."

சமையல்கார ஜெயரூபனிடம் போய்ச் சொன்னாள். அவன் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ரெண்டு, ஒண்ணு, அரையா? வாரத்துக்கு வாரம் பாதியாக் கொறச்சுக் குடிக்கிற குடிகாரன் எந்த லயத்துல இருக்கான்க்கா? எங்கப்பாவ அவன்கிட்ட பாடம் படிக்க அனுப்பணும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் யோசனை வந்தது. வேகமாக ஆரம்பித்து மெதுவாக அடங்கும் குடி மனிதனுடையது அல்ல. காய்ந்த துணியைத் தண்ணீரில் போட்டால் அப்படித்தான் உறிஞ்சும். காய்ந்த பலகையும் அப்படித்தானே? தோட்டத்து லய வீட்டுக் கதவு மழைக்கு ஊதி நிலையில் இறுகும். வறண்ட கச்சான் காற்றில் சுருங்கி, பலகை இடுக்கால் வெளிச்சம் விடும். இந்தப் பீப்பாயைக் கழுவி மூன்று நாள் வெயிலில் காயப்போட்டதும் அவள்தான். பிறகு பொய்லர் அறையில் இரண்டு நாள். ஐயாவின் உத்தரவு. தேயிலைத் தொழிற்சாலையில் ஈரம்தான் எதிரி. ஈரப்பெட்டியில் தூளைப் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் பீப்பாயையும் ஒரு பெரிய தேயிலைப் பெட்டி என்றே அவர் எடுத்துக்கொண்டார். நன்றாகக் காய்ந்ததா என்று விரல் மடக்கித் தட்டிப் பார்த்து, சத்தம் கேட்டுச் சந்தோஷப்பட்டவர்.

இன்னொரு பீப்பாய் அதே மாதிரி காய்ந்து காலியாக இருந்தது. அவள் அதையும் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசையும் அவருடைய அலுவலக அறைக்கே தூக்கிவரச் செய்தாள்.

"இது என்ன கூத்து?"

"தண்ணிதாங்க ஐயா. நீங்களே நிறுத்துப் பாருங்க. நீங்களே பூட்டுங்க."

காலிப் பீப்பாய் பன்னிரண்டு கிலோ. தண்ணீர் நிரப்பியதும் அறுபது. முதல் ஒரு மணி நேரம் பலகை இடுக்குகளில் சொட்டியது. அதைச் சட்டியில் பிடித்துத் திரும்ப ஊற்றினாள். சொட்டு நின்றதும் அவர் அரக்கு வைத்தார், கதவைப் பூட்டினார், சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு ஊசியும் குத்திக்கொண்டார்.

இரண்டாம் நாள் திறந்தபோது தண்ணீர் இரண்டு விரல் குறைந்திருந்தது.

"ராத்திரி தாகமாயிருச்சுங்களா ஐயா?" என்றான் பீப்பாயைத் தூக்க வந்த ஜெயரூபன்.

தராசு அதே அறுபதில் நின்றது. யாராவது குடித்திருந்தால் எடை இறங்கியிருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காலிப் பீப்பாயைத் தொங்கவிட்டார்கள். பதினான்கு கிலோ. இரண்டு லீட்டர் பலகைக்குள் இருந்தது.

ஸ்ரீஸ்கந்தராஜா தராசு முள்ளைச் சுண்டிப் பார்த்தார். தராசு பிழை என்றார். அந்தத் தராசில்தான் இத்தனை வருடமாக எங்கள் கொழுந்தை நிறுக்கிறார்கள் என்று அவள் நினைவூட்டியதும், பிழையில்லை என்றார்.

"அது சரி. புளிச்சது ஏன்? அதுவும் பலகையின்ர வேலையோ?"

"மேல இருக்கிற பலகையோட வேலைங்க. வைன் படுற பலகை ஊறி ஊதி இடுக்க அடைச்சிருது. வைன் எறங்கினதும் மேல் பலகை மறுபடி காஞ்சு சுருங்குது. அந்த இடுக்கால காத்து உள்ள போய் வைனைக் காடியாக்குது. கண்ணாடி குடிக்கவும் குடிக்காது, காத்தும் விடாது. போட்ட ருசி அப்படியே இருக்கும். மரம் கொஞ்சூண்டு காத்து விட்டாத்தான் காரம் அடங்கி, மர வாசமும் ஏறும். அதுக்குத்தானே பீப்பா வாங்கினீங்க. ஆனா மரம் ஊறியிருக்கணும், பீப்பா நெறஞ்சிருக்கணும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாளை மறுநாள் ஞாயிறு. பீப்பாய் வைன் என்று முதலாளிக்குக் காட்ட அவரிடம் இருந்தது ஒரு பீப்பாய்க் காடி.

"இப்ப என்ன செய்யலாம் எண்டு சொல்லும்."

"அந்தக் கடிதத்தக் கிழிங்க. சொல்றேன்."

அவர் ஜெயரூபனைப் பார்த்தார். அவன் தராசைக் கழற்றாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கடிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

அவள் சொன்னாள்:

"புளிச்சத சமையலுக்குக் குடுத்திருங்க, காடி பலகையில ஊறிருச்சு, அந்தப் பீப்பாயில இனி வைன் வேணாம். இந்தப் பீப்பாயக் காயவிடாதீங்க. மறுபடி தண்ணி நெரப்பி ஞாயிறு வரைக்கும் ரெண்டு நாள் ஊற வைக்கணும். சொட்டு ஒண்ணும் இல்லேன்னதும் தண்ணியக் கொட்டிட்டு, நாலு ஜாடி வைன அதுல வாய் வரைக்கும் ஊத்தணும். அஞ்சாவது ஜாடியச் சின்னப் போத்தல்கள்ல நெரப்பி மூடி வச்சுக்கணும். வாரம் ஒருக்கா அடைப்பத் தெறந்து, எவ்வளவு கொறஞ்சிருக்கோ அவ்வளவையும் போத்தல்ல இருந்து ஊத்தி, வாய் வரைக்கும் நெரப்பி மூடணும்."