மஞ்சள் மாறாத குழிகள்

சத்யப்பிரியா அந்தப் படத்தை அம்மாவுக்கு அனுப்பியிருக்கக் கூடாது. ஆனால் சந்தோஷம் வந்தால் பிள்ளைகள் முதலில் யாரிடம் ஓடும், சொல்லுங்கள்?

குன்னத்தில் மக்காச்சோளம் அறுத்த காட்டில் நடக்கும்போது அவள் அம்மா பூங்காவனத்தின் பாதத்தில் தட்டையின் அடிக்கட்டை குத்திவிட்டது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. எந்த ஊசிக்கும் புண்ணிலிருந்த கிருமி அசையவில்லை. இரண்டு விரலை எடுத்தால் கால் தப்பிக்கும் என்றார் அரியலூர் பெரியாஸ்பத்திரி டாக்டர்.

மகளோ பெரம்பலூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், கிருமியைக் கரைக்கும் நொதி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் சீழைக் கொஞ்சம் எடுத்துப்போய், அதிலிருந்த கிருமியைத் தட்டில் வளர்த்து, அதன்மேல் நொதியை ஒரு சொட்டு விட்டாள். சொட்டு விழுந்த இடம் வட்டமாகத் தெளிந்துவிட்டது. படம் எடுத்து அனுப்பினாள்: "உன் கிருமி செத்துப்போச்சும்மா!"

பூங்காவனம் அதை போன் முகப்பில் வைத்துக்கொண்டாள். ரேஷன் கடை, பஸ் ஸ்டாப், ஒரு இடம் விடவில்லை. "எம் மவ மருந்து கண்டுபுடிச்சிட்டா. விரல எதுக்கு வெட்டணும்?" ஆபரேஷனுக்குப் போகவே இல்லை. மகள் கேட்டபோதெல்லாம், ஆஸ்பத்திரியில் தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று சொல்லிவைத்தாள்.

கிருமி செத்தால் மட்டும் போதுமா, தோல் பிழைக்க வேண்டாமா? அதற்குத்தான் அடுத்த சோதனை. சின்னச் சின்னக் குழிகளில் மனிதத் தோலின் செல்களை வளர்த்து, நொதியை விட்டு, மறுநாள் ஒரு மஞ்சள் சாயம் ஊற்றுவார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். செத்தது அப்படியே மஞ்சளாய்க் கிடக்கும்.

நொதி படாத குழிகள் கத்தரிப்பூவாய்ப் பூத்தன. கிருமியைக் கொல்லும் அளவு விட்ட குழிகள் எல்லாம் மஞ்சள். திரும்பச் செய்தாள். திரும்பவும் மஞ்சள்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது வாசலிலேயே வாடை அடித்தது. அம்மாவின் காலில் கட்டியிருந்த துணியைப் பிரித்தாள். பாதம் கறுத்திருந்தது.

"கொண்டாந்தியா?" என்றாள் பூங்காவனம்.

"இல்லம்மா. அது தோலையும் கொன்னுடுது."

"யாரு தோல?"

"யாரோ ஒருத்தரோடது. லேப்ல வளக்குறது."

"யாருக்கோ ஒத்துக்கலன்னா எனக்கு என்னடி? புண்ணுல எனக்குத் தோலே இல்ல, சாவறதுக்கு. கொண்டாந்து ஊத்து."

"மாட்டேம்மா."

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டேனே பாப்பா..."

சத்யப்பிரியா புதுத் துணியை எடுத்துப் புண்ணைக் கட்டினாள். ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் அந்த நொதிக் குப்பி இருப்பது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் அரியலூரில் டாக்டர் விரலைப் பற்றிப் பேசவே இல்லை. முழங்காலுக்குக் கீழே கையால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "அன்னைக்கே வந்திருக்கலாமேம்மா."

தள்ளுவண்டியில் படுத்தபடி பூங்காவனம் போனை மகளிடம் நீட்டினாள். முகப்பில் அதே வட்டம்.

"இத எடுத்துடட்டுமா?"

"கெடக்கட்டும். கிருமி செத்தது நெசந்தான?"

"நெசந்தாம்மா."

வண்டி நகர்ந்தது. காலில் விலகிக் கிடந்த போர்வையை இழுத்துவிடக்கூட சத்யப்பிரியாவுக்குக் கை வரவில்லை.