லிஃப்ட் திறக்கும் வரைக்கும்

என் இசையைக் கேட்கிற எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, "பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்பதுதான். அடப்பாவிகளா, ஆரம்பித்து எவ்வளவோ நேரம் ஆயிற்று, இதுதான் இசை, இதில் வரிகளும் கிடையாது, பாடகரும் கிடையாது என்றால், "ஓ, ட்ராக்கா?" என்பார்கள். பின்னால் யாரோ வந்து பாடப்போகிறார்களாம். எவனும் வரமாட்டான்! வயலின் கூட்டம், சர்ச் ஆர்கன், ராக் டிரம்ஸ், அடிவயிற்றில் இடிக்கிற பேஸ், அத்தனையையும் ஆதில் என்கிற நான் ஒருத்தனே ஒரு கீபோர்டுக்குள் அடுக்கி வைத்திருக்கிறேன். 'பறக்கும் ரயில்' என்று பெயர். மொத்தம் நாலு பாகம்.

அதை இதுவரை முழுசாகக் கேட்டவன் நான் மட்டும்தான், அதுவும் ஹெட்ஃபோனில். குடியிருப்பது மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில். பெயரில்தான் கச்சேரி. இரண்டே அறை வீட்டில் அம்மா, தங்கை குடும்பம், நாங்கள். சத்தமாக வாசித்தால் கீழ்வீட்டுக்காரர் குச்சியால் கூரையைத் தட்டுவார். என் மனைவி ஃபிர்தௌஸுக்குக் கேட்டதெல்லாம் கீபோர்டின் கட்டைகள் எழும்பி விழுகிற டொக் டொக் மட்டும். "என்னங்க, வெங்காயம் நறுக்குற மாதிரியே இருக்கு" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நான் ஹெட்ஃபோனை இன்னும் இறுக்கி மாட்டிக்கொள்வேன்.

பிழைப்புக்கு ரங்கன் வைத்திருக்கும் லைட் மியூசிக் குழுவில் கல்யாண ரிசப்ஷன்களுக்கு வாசிக்கிறேன். ரங்கனிடம் ஒரு சட்டம் உண்டு. மாப்பிள்ளையும் பொண்ணும் மண்டபத்துக்குள் நுழையும்போதுதான் முதல் பாட்டு. அதுவரை பாடகர் வாயைத் திறக்கக்கூடாது. கூட்டம் சலிக்காமல் இருக்க நான் கீபோர்டில் எதையாவது வருடிக்கொண்டிருக்க வேண்டும்.

அன்று தி.நகரில் ஒரு மண்டபம். பொண்ணு ஏஞ்சல், பெசன்ட் நகர் குப்பத்துப் பெண். அப்பா ஆண்டனி மீன் ஏலம் விடுகிறவர். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கிற குரல். மாடியில் அலங்காரம் முடிந்து ஜோடி லிஃப்டில் இறங்கியது. பாதி வழியில் அது நின்றுவிட்டது. உள்ளே விளக்கும் போய்விட்டது.

மேடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் லிஃப்ட். பெண்ணின் அலறல் எங்களுக்கே கேட்டது. "அப்பா! மூச்சு முட்டுதுப்பா!" சின்ன வயசிலிருந்தே அவளுக்கு அடைத்த இடம் என்றால் பயமாம். மாப்பிள்ளை ஏதேதோ சமாதானம் சொன்னது அவள் காதில் விழவே இல்லை. மெக்கானிக் வடபழனியிலிருந்து வரவேண்டும். மாலை நேரத்து டிராஃபிக்கில் அவன் எப்போது வந்து சேர?

"மச்சி, எதுனா வாசி. கூட்டம் பயந்துக்கினு கீது" என்றான் ரங்கன்.

எதுனா! என் விரல்கள் தானாக 'பறக்கும் ரயி'லின் முதல் பாகத்தைத் தொட்டன. ஏழு எண்ணிக்கைத் தாளம், கீழே ஆர்கன். கொஞ்ச நேரம்தான் வாசித்தேன். ஊர்ப்பட்ட ஸ்பீக்கரில் அது வெளியே வந்ததைக் கேட்டதும் நானே மிரண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

ஆண்டனி மேடைக்கு ஓடி வந்தார். பட்டு வேட்டி பாதி அவிழ்ந்திருந்தது.

"நைனா, இன்னாத்துக்கு நிறுத்தின? டெஸ்டிங் பண்ணிக்கினு இருந்தியே, அத்த நிறுத்தாத! அது கேக்கசொல்ல எம்பொண்ணு கம்முனு இருந்துச்சு. நீ நிறுத்தினதும் மறுபடியும் கத்துது. லிஃப்டு திறக்கற வரைக்கும் டெஸ்டிங் பண்ணு நைனா, உன் கால்ல வேணாலும் உழறேன்!"

டெஸ்டிங்காம். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்து நான் செதுக்கிக்கொண்டிருப்பது அவருக்கு மைக் டெஸ்டிங். வேறு நாளாக இருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். அன்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பண்றேங்க" என்றேன்.

முதலிலிருந்து ஆரம்பித்தேன். சுவரில் காதை வைத்திருந்த ஆண்டனி கட்டை விரலை உயர்த்தினார். அலறல் நின்றுவிட்டது. பிரியாணி பந்தியில் இருந்தவர்கள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி இலைக்குத் திரும்பினார்கள். "சிங்கர் வர்லியா?" என்று யாரோ கேட்டார்கள். கேட்கட்டும். எனக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டாள். இருட்டுக்குள் மாட்டிக்கொண்டு, எழுந்து போக வழியில்லாமல், என் இசையைத் தவிர வேறு பிடிமானம் இல்லாமல் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பாகத்தில் வயலின்கள் எழுந்தபோது எனக்குக் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. மூன்றாவது பாகத்துக்குப் போனபோது மனசுக்குள் ஒரு வேண்டுதல் வந்தது. யா அல்லாஹ், அந்த மெக்கானிக் கோடம்பாக்கம் பாலத்திலேயே நிற்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம். நாலாவது பாகம் முடியும் வரைக்கும். ச்சீ, உள்ளே ஒரு பெண் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறாள், நான் எதை வேண்டிக்கொள்கிறேன் பார்! வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டுவதை நான் நிறுத்தவில்லை.

நாலாவது பாகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் மூன்றும் முடிக்காமல் விட்ட ராகங்கள் அதில்தான் ஒவ்வொன்றாக வந்து சேரும். அதன் வாசலில் நான் நின்றபோது, சுவருக்குப் பின்னால் இரும்பு கிறீச்சிட்டது. கூட்டம் ஓவென்று கத்தியது. மெக்கானிக் கதவை நெம்பிவிட்டான்.

"எண்ட்ரி! மச்சி, எண்ட்ரி சாங்!" ரங்கன் கையை ஆட்டினான். பாடகி ருக்சார் மைக்கை எடுத்துக்கொண்டாள்.

நிறுத்தமாட்டேன் என்று நினைத்தேன். ரங்கன் வேலையை விட்டுத் துரத்தினாலும் சரி, இன்றைக்கு இதை முடித்துவிட்டுத்தான் மறுவேலை. இதை மனசுக்குள் சொல்லி முடிப்பதற்குள் என் இடது கை எண்ட்ரி பாட்டின் சுருதிக்குப் போய்விட்டது. வலது கை அதன் முன்னிசையை வாசித்துக்கொண்டிருந்தது. எத்தனை மேடை, எத்தனை ஜோடி! ரங்கன் கையை ஆட்டினால் இந்தப் பாட்டுக்குப் போகவேண்டும் என்று பழகிய கைகள். என்னை அவை கேட்கவே இல்லை. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ருக்சார் பாடினாள். அப்போதுதான் முதன்முறையாக மண்டபமே கை தட்டியது.

ஜோடி மேடை ஏறியது. ஆண்டனி எல்லாரையும் கட்டிப்பிடித்தார், என்னையும்தான். "டெஸ்டிங் சூப்பர் நைனா!" என்று முதுகில் ஒரு அறை விட்டார். ஃபோட்டோகிராஃபர் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்த சந்தில், ஏஞ்சல் வெள்ளை கவுனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். மை கரைந்து கன்னம் வரைக்கும் வழிந்திருந்தது.

"அண்ணா, அந்த மியூசிக் இன்னும் முடியலதானே? இன்னாவோ பெருசா வரப்போதுன்னு நெனச்சிக்கினே இருந்தேன். ஏண்ணா நிறுத்திட்டீங்க?"

ரங்கன் அடுத்த பாட்டுக்கு விரல் சொடுக்கிக்கொண்டிருந்தான்.

"நீ வெளிய வந்துட்டியேம்மா" என்றேன்.