வார்த்தைகளின் வால்

இரவுக் காவல் முடிந்து, கிடங்குச் சாவியைக் காலை ஷிப்ட் ஆளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மிஞ்சியது. தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவளுக்கே தெரியாததால், முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி திட்டுவாள்.

உதட்டைப் பார்த்துத்தான் அவளுக்குப் பேச்சு புரியும். நாற்காலியைத் திருப்பினேன்.

"என்ன ஆச்சு?"

"மேனேஜர் பாடத்தை எல்லாம் திருப்பி அனுப்பிட்டாருடா. வார்த்தைங்களோட வால் வெட்டுப்பட்டிருக்காம். தூங்கிக்கிட்டே வேலை பாக்கறீங்களான்னு கேட்டிருக்காரு."

குழாய் வேலை, வெல்டிங், மின் இணைப்பு என்று தொழில்களை வீடியோவில் கற்றுத்தரும் ஒரு நிறுவனத்துக்கு அவள் வீட்டிலிருந்தே எடிட்டிங் செய்கிறாள். பேச்சுவார்த்தை எல்லாம் சாட்டில்தான். அவளுக்குக் காது கேட்காது என்பது மேனேஜருக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை.

காது கேட்காமல் எப்படி வெட்டுகிறாள் என்றால், கண்ணால். வீடியோவுக்குக் கீழே அதன் சத்தம் ஏற்ற இறக்கமான கோடாக ஓடும். அலைவடிவம் என்போம். ஆசிரியர் "ம்ம்ம்" என்று இழுத்தால் அது கம்பளிப்பூச்சி. இருமினால் முள். மூச்சு வாங்கினால் லேசான புகை. அவள் வைத்த பெயர்கள்தான் எல்லாம். பூச்சியையும் முள்ளையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை ஒட்டுவாள். மேனேஜர் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

திரும்பி வந்த பாடத்தை ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். குழாயை இறுக்கச் சொல்லும் ஆசிரியர் ஒவ்வொரு வாக்கியத்தையும் தொண்டையில் கை வைத்து நெரித்த மாதிரி முடித்தார். பிறகு திரையைப் பார்த்தேன். முள்ளும் புகையும் இல்லை. கோடு வழவழவென்று மணல் மேடு மாதிரி கிடந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது.

அவள் பயன்படுத்தும் எடிட்டர் மென்பொருள் இலவசமானது. அதன் நிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்கும், யாரும் திருத்தலாம். எந்தெந்த ஊரிலோ இருப்பவர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து கட்டுகிறோம். கிளிப்புகளை வரிசையாக அடுக்கி வெட்டும் டைம்லைன் பகுதி என் பொறுப்பு. கல்லூரியைப் பாதியில் விட்டவன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே விஷயம் அதுதான். வெளிவரப்போகும் புது வெர்ஷனைச் சோதித்துப் பார்க்கட்டும் என்று அக்காவின் கம்ப்யூட்டரில் போட்டிருந்தேன்.

"உன் மேல தப்பில்ல. கோடு வரையற விதத்தை மாத்திட்டாங்க. முன்னாடி சத்தத்தோட உச்சத்தைக் காட்டுச்சு. இப்ப சராசரியைக் காட்டுது. வார்த்தை முடியற இடத்துல சத்தம் கம்மியா இருக்குமில்ல, அதைச் சராசரி முழுங்கிடுது."

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு."

"அடப்பாவி! கண் டாக்டரைப் பாக்கணும்னு பயந்துக்கிட்டு கிடந்தேன்." முதுகில் ஒன்று வைத்தாள். "பழைய வெர்ஷனைப் போட்டுக் கொடு."

"புதுசுல சேவ் பண்ணினதைப் பழசு திறக்காது."

"இதை முன்னாடியே சொல்லமாட்டியா?"

"குறிப்புல எழுதியிருக்கோம்."

"குறிப்பை எவன்டா படிப்பான்?"

நானும் மற்ற மென்பொருள்களின் குறிப்பைப் படிப்பதில்லை.

மாற்றத்தைச் செய்தவன் மின்னல். எதையும் வேகப்படுத்துவதால் நாங்கள் வைத்த பெயர். முகம் பார்த்ததில்லை. யாரோ கழித்துப் போட்ட லேப்டாப்பில் வேலை செய்பவன். நீளமான கிளிப்பை நகர்த்தினால் அது உறைந்துவிடும். சராசரி வந்த பிறகு ஓடியது. அப்படிப்பட்ட மெஷினை வைத்துக்கொண்டு எங்களை நம்பியிருப்பவர்கள் ஏராளம். மாற்றத்துக்குச் சரி சொன்னவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் புகார்ப் பக்கத்தில் பழைய கோடு வேண்டும் என்று எழுதினேன். மின்னல் உடனே வந்தான்.

"பழசு பாக்க அழகா இருக்கும், ஒத்துக்கறேன். வெட்டறதுக்குக் காது இருக்கே? உங்க அழகுக்காக என் மெஷின் மூச்சு முட்டிச் சாகணுமா?"

பலர் அவன் பக்கம் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அந்த வாரக் கடைசியில் வெளியீடு.

"காது கேக்காதவங்க இருக்காங்கன்னு எழுதினா அவன் வாயை மூடிடுவான்," என்றேன்.

"எழுதாத." அக்கா என் கையைப் பிடித்துவிட்டாள். "அது எல்லாரும் பாக்கற பக்கம். எங்க ஆபீஸ்லயும் இதே எடிட்டர்தான், எங்க மேனேஜரே அதுல வந்து குறை எழுதுவாரு. காது கேக்காதவகிட்டயா இந்த வேலையைக் கொடுத்தோம்னு ஆடிப்போயிடுவாரு. அதோட என் சீட்டு கிழிஞ்சது."

"உன் பேரைச் சொல்லமாட்டேன். தெரிஞ்சவங்க ஒருத்தர்னு எழுதறேன்."

"'என் நண்பனுக்கு ஒரு சந்தேகம்'னு எவனாவது எழுதினா நீங்க எல்லாம் எப்படிச் சிரிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அதுவும் உண்மை. போய்ப் படுத்துவிட்டேன்.

மத்தியானம் எழுந்து பார்த்தால், அவளே எழுதியிருந்தாள், தன் சொந்தக் கணக்கில். ஒரே கிளிப்பின் பழைய கோட்டையும் புதிய கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, காணாமல்போன வால்களைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தாள். கீழே இவ்வளவுதான்: "நான் பிழைப்புக்கு வீடியோ வெட்டுகிறேன். எனக்குக் காது கேட்காது. நீங்கள் அழகு என்று சொல்வதுதான் எனக்குச் சத்தம்."

"வேண்டாம்னியே?" என்றேன்.

"எழுதலைன்னா வேலையைக் கெடுத்து வேலை போகும். எழுதினா உண்மையைச் சொல்லிப் போகும். ரெண்டாவதுல திட்டாவது கம்மி."

மின்னலின் பதில் தாமதமாக வந்தது. வருத்தமெல்லாம் இல்லை. "கிளிப்பை நகர்த்திக்கிட்டே வெட்டுவீங்களா, நிறுத்திட்டா?" என்று மட்டும் கேட்டிருந்தான்.

"நிறுத்திட்டுத்தான். ஓடற பஸ்ல யாராவது ஊசி கோப்பாங்களா?"

"அப்ப ரெண்டு பேரும் பிழைச்சோம்."

நகரும்போது சராசரி, நின்றதும் உச்சம். அப்படி மாற்றி எழுதி அனுப்பினான். கிளிப்பின் வேகத்தைக் கூட்டினால் எடிட்டரே படுத்துவிட்டது. திருப்பி அனுப்பினேன். திட்டிக்கொண்டே திருத்தினான். வெளியீடு தள்ளிப்போனது. அக்கா அந்த அரைவேக்காட்டு வெர்ஷனிலேயே பாடங்களை மறுபடி வெட்டி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மேனேஜரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டால் பல்வலி என்றாள்.

பிறகு புகார்ப் பக்கத்தில் மேனேஜரின் கணக்கிலிருந்து ஒரு வரி வந்தது: "எங்கள் அலுவலகத்துக்கும் இந்தத் திருத்தம் தேவை."

"பாத்துட்டாரு," என்றாள்.

"ஆமா."

கொஞ்ச நேரத்தில் சாட் மின்னியது. அவள் படிக்க, நான் தோளுக்கு மேலிருந்து படித்தேன். "பாடங்கள் சரியாக உள்ளன. அடுத்த தொகுதியை அனுப்பியிருக்கிறேன். பின்னணி இசை சேர்ப்பதை மட்டும் இனி வேறொருவர் பார்ப்பார். நீங்கள் சிரமப்பட வேண்டாம்."

நான் மூச்சை விட்டேன். வேலை பிழைத்தது. என் பக்கம் திரும்பிய அவள் முகம் மட்டும் இறுகிக்கிடந்தது.

"சிரமம்னு நான் சொன்னேனா? இத்தனை நாள் இசையையும் நான்தானே போட்டேன்? ஒரு தப்பு சொன்னாரா?"

"விடுக்கா. வேலையை விட்டுத் தூக்கல இல்ல."

"இன்னிக்கு இசை, நாளைக்கு மூச்சு வெட்டறது, அப்புறம் நான் எதுக்கு?" விறுவிறுவென்று தட்டினாள். "இசையையும் நானே செய்கிறேன். தவறு இருந்தால் அப்போது சொல்லுங்கள்." அனுப்பியும் விட்டாள். பிறகுதான் மறுபடி என்னைப் பார்த்தாள். "டேய், பேச்சை இசை அமுக்குதான்னு காட்டற மீட்டர் கடுகு மாதிரி இருக்கே. அதைப் பெருசாக்க முடியாதா?"

"அது என் பகுதி இல்ல. மின்னலோடது."

"அவன் சண்டை போடுவானா?"

"கண்டிப்பா."

"சரி, நகரு," என்று புகார்ப் பக்கத்தைத் திறந்தாள். மேனேஜரின் பதில் இன்னும் வந்திருக்கவில்லை.